மருந்து வைத்தவள்

கெங்கம்மாள் வாசற்பக்கம் ஒருமுறை, தோட்டத்துப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தாள். யாருமில்லை என்றதும் முந்தானை முடிச்சை அவிழ்த்து, வெள்ளைப் பொடி ஒரு சிட்டிகை எடுத்துப் புருஷனுடைய கேப்பைக் கூழில் போட்டுக் கலக்கினாள்.

மாட்டுக்கொட்டகைத் தட்டி இடுக்கில் புருஷன் கண்ணையன் இதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அடிப்பாவி, மருந்து வைக்கிறாள்! புருஷனைச் சொன்னபடி ஆட்டிவைக்கவோ ஒரேயடியாக அனுப்பிவைக்கவோ பெண்டாட்டிமார் இடுமருந்து கலப்பதாகக் கெடார் கிராமம் முழுக்கப் பேச்சு உண்டு. தன் வீட்டிலேயே நடக்கும் என்று அவன் கனவிலும் நினைத்ததில்லை.

"கூழு கரைச்சிட்டேன், வாங்க" என்று கூப்பிட்டாள். குரலில்தான் எத்தனை கரிசனம்!

"கழனிக்கு எடுத்துக்கினு போறேன், குடு."

வாங்கிப் போனவன் குப்பைக்குழியில் கொட்டினான். அன்றிலிருந்து அதுவே வழக்கமாயிற்று. டீக்கடை இட்லி, கொல்லையில் பிடுங்கிய மல்லாட்டைக் கடலை, இவைதான் ஆகாரம்.

இத்தனைக்கும் மனுஷன் செத்துப் பிழைத்தவன். போன வருஷம், சீனாச் சண்டை சமயம், இருமி இருமி ரத்தமாகத் துப்பினான். ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து, டி.பி. என்று மாத்திரை கொடுத்தார்கள். "எங்க அண்ணன் இத முழுங்கித்தான் பாடையில போனான்" என்று வாசலிலேயே விட்டெறிந்துவிட்டு வந்துவிட்டான். கெங்கம்மாள் காலைப் பிடித்து அழுதும் கேட்கவில்லை.

நேராக விழுப்புரம் பாண்டுரங்க வைத்தியரிடம் போய் ஆடாதோடை லேகியம் வாங்கித் தின்றான். சும்மா சொல்லக் கூடாது, சில மாதத்தில் இருமல் ஓடிப்போய்க் கன்னத்தில் சதை வைத்தது. ஊரே வாயைப் பிளந்தது. அன்றுமுதல் வைத்தியர்தான் அவனுக்குத் தெய்வம்.

அப்படிப் பிழைத்து எழுந்தவனையா இவள் கொல்லப் பார்க்கிறாள்? எதற்காக?

சந்தைக்கு வந்த மச்சான் மாரியப்பன் தெரியாமலே அதற்குத் துப்புக் கொடுத்தான். "என்னா மாப்ள, தங்கச்சிய ஒரு தபா திண்டிவனம் அனுப்பக் கூடாதா? எங்க வூட்டுக்கு அது வந்து வருஷமாவுது."

கண்ணையன் கணக்குப் போட்டுப் பார்த்தான். அண்ணன் வீட்டுக்கு என்று சொல்லிவிட்டு மாசாமாசம் திண்டிவனம் பஸ் ஏறுகிறாளே, அப்படியானால் யாரைப் பார்க்க? மச்சான் தலை மறைந்ததும் பெண்டாட்டியின் கையைப் பிடித்து முறுக்கினான்.

"எவன்டி அவன்? மாசாமாசம் எங்க போற?"

"சொல்ல மாட்டேன். சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன்."

"எவனுக்குடி சத்தியம்?"

அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

இதற்குள் உடம்பும் படுக்கப் பார்த்தது. சாயங்காலமானால் காய்ச்சல் அடித்தது, பழைய இருமல் திரும்பி வந்தது. ஒரு நாள் காலையில் இருமியபோது துண்டில் ரத்தம். ஏற்கெனவே உள்ளே போன இடுமருந்து வேலையைக் காட்டுகிறது என்று கண்ணையன் முடிவு கட்டிவிட்டான். சாவு பயம் வந்துவிட்டால் மனுஷனுக்கு வெட்கம் ஏது, மானம் ஏது? பெண்டாட்டியைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு பஸ் ஏறி, விழுப்புரத்தில் வைத்தியர் வீட்டு வாசலில் போய் நின்றான்.

"வைத்தியரே, இவ எனக்கு மருந்து வச்சிட்டா! என் கண்ணால பாத்தேன். மொதல்ல அத வெளிய எடுங்க. அப்பறம் பஞ்சாயத்தக் கூட்டி இவள அத்து வுட்டுர்றேன்!"

காத்திருந்த நோயாளிகள் எல்லாரும் எழுந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள். "பொம்பளையா இவ?" என்று ஒரு கிழவி காறித் துப்பினாள். கெங்கம்மாள் நிமிர்ந்து வைத்தியரை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

வைத்தியர் கண்ணையனின் நாடியைப் பிடித்தார். முகம் வெளிறிப்போயிற்று.

"இவ குடுத்தத எப்பலேர்ந்து சாப்பிடல?"

"ஆடி பொறந்ததுலேர்ந்து தொடறதில்லிங்க. உசாரா அத்தினியும் குப்பையில கொட்டிட்டேன்!" என்றான் கண்ணையன், பெருமையாக.

"லேகியம்?"

"அத வுடுவேனா? வேள தவறாம துன்னுக்கினு இருக்கேன். இந்த விஷத்துக்கு அதுகூட கேக்கலயே!"

வைத்தியர் படாரென்று எழுந்து தோளில் துண்டைப் போட்டுக்கொண்டார். "ஜல்தி கெளம்பு. ஆஸ்பத்திரிக்குப் போவணும். நானும் வர்றேன்."

"பாத்தீங்களா! வைத்தியரே கை வுட்டுட்டாரு. அவ்ளோ பெரிய விஷம்!" கண்ணையன் கூட்டத்தைப் பார்த்துக் கத்தினான். கத்தியதில் இருமல் வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு மடங்கினான். விழுந்துவிடாமல் தாங்கிப் பிடித்தவள் கெங்கம்மாள்தான்.

"என் லேகியம் தொண்டைக்குத்தான்டா கேக்கும்" என்றார் வைத்தியர். "நெஞ்சுல இருக்கற சீக்கு அதுக்கு அடங்காது. எனக்குத் தெரியாதா?"

கண்ணையன் மூச்சு வாங்க அவரையே பார்த்தான். "அப்ப போன வருஷம் என்னப் பொழைக்க வச்சது எது?"

"பாவி, திண்டிவனத்து ஆஸ்பத்திரி மாத்திரைய இடிச்சு உனக்குத் தெரியாமக் கலந்து குடுக்கச் சொன்னதே நான்தான்டா!"