கேப்டனும் நத்தையும்

ஒரு மகா புத்திசாலியை மூன்று வாரம் முழு முட்டாளாக்கிய கதை இது. சிரிக்கலாம். ஆனால் இப்போதே வேண்டாம், கடைசி வரிக்கு மிச்சம் வையுங்கள்.

வீட்டில் எனக்குப் பட்டப்பெயர் டேப்ரெக்கார்டர். யார் குரல் கேட்டாலும் வரும். பிரின்சிபால் குரலில் அதட்டி ஒரு வகுப்பையே வெயிலில் நிற்க வைத்திருக்கிறேன். அம்மா குரலில் கத்தி அண்ணனைக் குளிக்க அனுப்பியிருக்கிறேன். அப்பா குரல் மட்டும் வராது. அவர் பேசினால்தானே!

அப்பா லிஃப்ட் மெக்கானிக். சிரிப்பதற்கு மேலிடத்து அனுமதி இன்னும் வரவில்லை என்பது போல ஒரு முகம். சாயங்காலம் வந்ததும், "ஸ்பேர் பார்ட்ஸ் லிஸ்ட் அடிக்கணும்" என்று கம்ப்யூட்டர் அறைக் கதவைச் சாத்திக்கொள்வார்.

விஷயத்துக்கு வருகிறேன்.

அண்ணனின் வெள்ளைச் சட்டையில் தெளிப்பதற்காக ஒரு மாய மை தயாரித்தேன். ஐந்தே நிமிடத்தில் மறைந்துவிட வேண்டிய மை. ஒத்திகை பார்க்கலாமே என்று பேனாவை ஓர் உதறு உதறினேன். மேஜையில் திறந்து கிடந்த ஆல்பத்தில், அப்பா அம்மா கல்யாணப் போட்டோ மேல் மை பொத்தென்று விழுந்தது.

ஐந்து நிமிடம் ஆயிற்று. ஐந்து நாளும் ஆயிற்று. மை மறையவில்லை. அப்பாவின் பாதி முகமும் ஒரு கையும்தான் மறைந்திருந்தன.

அவர்களிடம் இருக்கும் ஒரே கல்யாணப் படம் அது. ஒவ்வொரு கல்யாண நாள் காலையிலும் அம்மா அதைத்தான் முதலில் எடுத்துப் பார்ப்பாள். அந்த நாளுக்கு இன்னும் மூன்றே வாரம்.

தேடித் தேடி ஓர் இணையக் குழுவைப் பிடித்தேன். கறைபட்ட, கிழிந்த பழைய போட்டோக்களைச் சும்மாவே சரிசெய்து தரும் ஆட்கள். ஒரு நர்ஸ், ஒரு பேக்கரிக்காரர், ஒரு ரிட்டயர்டு நீதிபதி என்று உலகம் முழுக்க உறுப்பினர்கள். ஆங்கிலத்தில்தான் பேச்சு, உங்களுக்காகத் தமிழில் தருகிறேன். அங்கே ஒரே ஒரு கறாரான விதி உண்டு. பார்க்காததை வரையக் கூடாது. மறைந்துபோன இடத்துக்கு வேறு போட்டோ கேட்டு வாங்கித்தான் நிரப்புவார்கள்.

பதினாலு வயசுப் பெண் கேட்டால் மதிப்பார்களா? குரலை மாற்றினேன்.

"நான் சரக்குக் கப்பல் கேப்டன். படத்தில் இருப்பது நானும் என் மனைவியும். நடுக்கடல் புயலில் மை கொட்டிவிட்டது."

உடனே ஒருவர் பதில் போட்டார். பெயர் நத்தை.

"நான் மெதுவாக வேலை செய்யும் கிழவன். பனி கொட்டும் ஊர். துணைக்கு ஒரு நொண்டிப் பூனை. கவலை வேண்டாம் கேப்டன், உங்கள் படம் என் பொறுப்பு."

அப்படியே நம்பிவிட்டார்! தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தேன். நீங்கள் பொறுங்கள்.

அதன் பிறகு தினமும் ஒரு கேள்வி வரும்.

"இது கடையில் விற்கும் மை மாதிரி தெரியவில்லையே, கேப்டன்?"

"நானே தயாரித்தேன்."

"எதற்கு?"

"மாலுமிகளைச் சிரிக்க வைக்க."

"சிரித்தார்களா?"

"இன்னும் இல்லை."

இன்னொரு நாள்: "மிச்சமிருக்கும் பாதி முகத்தில் சிரிப்பே காணோமே?"

"நான் எப்போதுமே அப்படித்தான். இஸ்திரி போட்ட முகம். வீட்டில் எல்லாரும் பயப்படுவார்கள்."

இதற்கு மட்டும் பதில் வர இரண்டு நாள் ஆயிற்று.

"நிஜமாகவே பயப்படுகிறார்களா, கேப்டன்?"

அன்றைக்கு என்னவோ, கேப்டன் குரல் எனக்குச் சரியாக வரவில்லை. "திட்டுக்குப் பயம் இல்லை. இந்தப் படத்தைப் பார்த்தால் அம்மா" என்று அடித்தேன். அழித்துவிட்டுத் திருத்தினேன். "என் மனைவி அழுதுவிடுவாளே என்றுதான். அவளுக்கு இது ஒன்றுதான் இருக்கிறது."

"அப்படியானால் அவளை அழ விடக் கூடாது" என்றது நத்தை.

முகத்துக்கு வேறு படம் கேட்டார். அப்பாவின் பழைய அடையாள அட்டைப் படத்தை அனுப்பினேன். கைக்கு ஒன்றும் கேட்கவில்லை. பாவம், வயசாகிவிட்டது, மறந்திருப்பார் என்று விட்டுவிட்டேன்.

கல்யாண நாளுக்கு முந்தின நாள் படம் வந்தது. பளிச்! ஸ்டுடியோவுக்கு ஓடிப் பிரிண்ட் போட்டு ஆல்பத்தில் செருகிவிட்டேன்.

மறுநாள் காலை அம்மா சோபாவில் ஆல்பத்தைத் திறந்தாள். பக்கத்தில் அப்பா ஷூவுக்குப் பாலீஷ் போட்டுக்கொண்டிருந்தார். நான் சன்னல் கம்பிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

அம்மா கலகலவென்று சிரித்தாள்.

"ஏங்க, இந்தக் கட்டை விரலைப் பாருங்களேன்! கல்யாணத்துக்கு முதல் நாள் லிஃப்ட் கதவுல விரலைக் குடுத்துட்டு, கட்டோட வந்து நின்னீங்களே, மாப்பிள்ளை! வருஷா வருஷம் பாக்குறேன், எனக்குச் சிரிப்பு அடங்க மாட்டேங்குது."

கட்டா?

எட்டிப் பார்த்தேன். ஆமாம், கட்டை விரலில் சின்னதாக ஒரு வெள்ளைத் துணிக் கட்டு. அதை நான் ஒருநாளும் கவனித்ததே இல்லை. நான் அனுப்பியதில் அந்த இடம் முழுக்க மை. சொல்லவும் இல்லை.

நத்தைதான் பார்க்காததை வரைய மாட்டாரே!

மெல்லத் தலையை நிமிர்த்தினேன்.

அப்பா பாலீஷ் துணியை மடித்து வைத்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார். பனி கொட்டும் ஊர்க் கிழவர் ஒருவரின் குரல் நடுங்கி நடுங்கி வந்தது.

"என்ன கேப்டன், மாலுமிங்க சிரிச்சாங்களா?"