ரத்தம் வராத ஈறு

சிவகாசியில், பல் டாக்டர் தஹ்மீனாவின் சாய்வு நாற்காலியில் வாயைத் திறந்து கிடக்கிறார் பட்டாசுக் கம்பெனித் தொழிலாளி சங்கிலிமுத்து. விளக்கு வெளிச்சத்தில் ஈறு வெளுத்து, புண்ணே இல்லாததுபோலத் தெரிகிறது. தஹ்மீனாவின் விரல்நுனி பட்டதும் முன்பல் ஆடுகிறது, அடுத்ததும் ஆடுகிறது. “பீடிப் புகை ரத்தத்த அமுக்கி வச்சிருக்குண்ணே. உள்ள எலும்பு கரைஞ்சுக்கிட்டே வருது. பீடிய விடலேன்னா எம்புட்டு வைத்தியம் பாத்தாலும் பல்லு நிக்காது.” அவர் எழுந்து கிண்ணத்தில் துப்புகிறார். வெறும் வெள்ளை எச்சில். “எனக்கென்னம்மா சீக்கு? பல்லு விளக்குனா இவளுக்குத்தான் ரத்தம் வருது, இவளப் பாருங்க.” கதவோரம் நிற்கும் மனைவி அய்யம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்கிறார். “அவுகளுக்குச் சரியாயிரும்ணே. உங்களுக்குத்தான்…” சங்கிலிமுத்து கேட்கவில்லை. மனைவியைக் கூப்பிட்டுக் கிண்ணத்தைக் காட்டிச் சிரிக்கிறார். “பாத்தியா, ஒரு பொட்டு ரத்தமில்ல.” கையுறை மாட்டிய விரல்களை மடக்கியபடி, அந்தச் சிரிப்பையே பார்த்துக்கொண்டு நிற்கிறார் தஹ்மீனா.