பென் டிரைவில் குப்பை

"அக்கா, இது கம்ப்யூட்டரா, கட்டை வண்டியா? திறக்கறதுக்குள்ள எனக்குத் தாடியே வளர்ந்துடும் போல!"

கேட்டது தம்பி. கம்ப்யூட்டர் கடையில் வேலை. அக்கா வீட்டுக்கு வந்தால் சும்மா உட்கார மாட்டான். எதையாவது நோண்டிக்கொண்டே இருப்பான்.

"அது பாட்டுக்கு இருக்கட்டும் விடுடா" என்றாள் அக்கா.

அவள் கவலை அவளுக்கு. கணவர், வீட்டில் இருந்தபடியே புத்தகங்களுக்குப் பிழை திருத்துகிறவர். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டால் சாயங்காலம் வரை வாயில் பூட்டுத்தான். காலையில் அது கண் விழிக்கிற அந்த அரை மணி நேரம் மட்டும் சமையலறைக்கு வந்து, வெங்காயம் உரித்துக்கொண்டே ஊர்க்கதையெல்லாம் அளப்பார். அவள் வயிறு வலிக்கச் சிரிப்பாள். இப்போது அதுவும் போய்விட்டால்?

"எல்லாம் தற்காலிக ஃபைல் அத்தான். வேலை முடிஞ்சதும் போயிருக்கணும், வருஷக்கணக்கா மண்டிக் கிடக்கு. அழிச்சிடவா?"

வேண்டாம்னு சொல்லுங்களேன் என்று பக்கத்தில் நின்ற கணவரையே பார்த்தாள்.

"தாராளமா அழி மச்சான்! எனக்கும் நேரம் மிச்சம்" என்றார் அந்த மனுஷன். "ஆனா எதுக்கும் பென் டிரைவ்ல ஒருதடவை ஏத்தி வச்சுட்டு அழி."

"குப்பையைப் போய் யாராவது பத்திரப்படுத்துவாங்களா அத்தான்?"

"சொன்னதைச் செய்யேன்!"

சரியான பயந்தாங்கொள்ளி என்று முணுமுணுத்தபடி அவள் டீ போடப் போனாள். திரும்பி வந்தபோது, பொத்தானை அழுத்திய மறு நிமிஷமே கம்ப்யூட்டர் பளிச்சென்று திறந்தது.

"அட்டகாசம்!" என்று கணவர் கை தட்டினார்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்னோடு பேசுவது இவருக்கு அவ்வளவு வேண்டாத வேலையாகப் போய்விட்டதா?

வழியனுப்பும் சாக்கில் வாசல்வரை வந்தவள், தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"டேய், அந்தக் குப்பையையெல்லாம் திரும்பப் போட்டுட முடியுமா? அத்தானுக்குத் தெரிய வேண்டாம்."

தம்பி விழுந்து விழுந்து சிரித்தான்.

"பென் டிரைவ் என்கிட்ட இல்லக்கா. நீ டீ போடப் போனப்ப, நான் ஏத்தி முடிச்சதுமே அத்தான் பிடுங்கிக்கிட்டாரு. நாளைக்குக் காலைல நீ எழுந்திரிக்கறதுக்குள்ள எல்லாத்தையும் திரும்பப் போடணுமாம், எப்படின்னு கேட்டுக் கத்துக்கிட்டாரு. 'வெங்காயம் உரிக்காட்டி எனக்குப் பொழுதே விடியாது மச்சான், உங்க அக்காகிட்ட மூச்சு விட்டுடாதே'ன்னு சத்தியம் வேற!"