ஏழாவது தையல்

பூனைக்குக் கருத்தடை ஆபரேஷன் முடித்து அனுப்பும்போது, ஆறு தையல் போட்டிருப்பதாக டாக்டரம்மா சொன்னார். தையல்காரி வீட்டுக்கு வந்து எண்ணிப் பார்த்தாள். ஆறும் நீல நூல். தொழில் புத்தி எங்கே போகும்?

பூனை உண்மையில் அவளுடைய அக்காவின் செல்லம். அக்கா போய்ச் சேர்ந்து இரண்டு மாதமாகிறது. அதுவரை ஒரே மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து தைத்தவர்கள். அக்காவுக்கு இடது கைப் பழக்கம். ஊசியில் கோக்குமுன் நூலை உதட்டில் வைத்து நனைப்பாள். "எச்சில் பண்ணாதேக்கா" என்று தங்கை சிடுசிடுக்காத நாளில்லை.

நான்காம் நாள் காலை, மருந்து தடவப் பூனையைப் புரட்டினாள். ஏழு தையல் இருந்தது. ஏழாவது வெள்ளை நூல். முடிச்சு இடப்பக்கமாக விழுந்திருந்தது.

பூனையை அள்ளிக்கொண்டு ஓடினாள்.

"இதை நீயாம்மா போட்டே?" என்றார் டாக்டரம்மா.

"நீங்க போடலையா?"

"நான் போட்டதுல ஒண்ணு முடிச்சு அவுந்து நூல் மட்டும் தொங்குது. இது மட்டும் இல்லேன்னா குடல் வெளியே வந்துருக்கும். நல்ல சுத்தமான கைவேலை."



வீட்டுக்கு வந்ததும் பூனை மெல்ல நடந்துபோய் அக்காவின் நாற்காலிக்கு அடியில் படுத்துக்கொண்டது. மேசையின் அந்தப் பக்கத்தில், வெள்ளை நூல் கோத்த ஊசி ஒன்று குத்தி நின்றது. அவள் நூலின் நுனியைத் தொட்டுப் பார்த்தாள்.

ஈரமாக இருந்தது.