4417-ஆம் கைதி

"அந்தத் துரோகி யாருன்னு மட்டும் தெரியட்டும், அவன் வம்சத்தையே சந்தி சிரிக்க வைக்கிறேன்!" எதுவார் காபி டம்ளரை நங்கென்று வைத்தார். "இதுல சக்கரையே இல்ல!"

"போட்டிருக்கேங்க. கலக்கிக் குடிங்க," என்றாள் மனைவி வலேரி.

எதுவாரின் தாத்தா லுயீஸ், பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து, உலகப் போரில் ஜெர்மானியரிடம் கைதியானவர். அவர் தப்பிக்கப் போட்ட திட்டத்தை இன்னொரு கைதி ரொட்டிக்காகக் காட்டிக்கொடுத்தான். தண்டனையில் தாத்தாவின் இரண்டு விரல்கள் போயின. முகாமில் யாருக்கும் பெயர் கிடையாது. கழுத்துத் தகட்டில் பொறித்த எண்ணைக் கூப்பிட்டுத்தான் ரொட்டி கொடுப்பார்கள். அதனால் துரோகியின் எண் மட்டுமே தாத்தாவுக்குத் தெரியும்.

"பழி வாங்காம விடமாட்டேன்னு கத்திக்கிட்டிருந்த மனுசன், நம்ம கல்யாணத்துக்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கல. வயசாயி மறந்துட்டாரு. நான் மறப்பனா?"

"அந்த நம்பரக் கேட்டா எப்பவும் 'உனக்கெதுக்கு'ன்றீங்க. இன்னிக்காவது சொல்லுங்களேன்."

"நாலு நாலு ஒண்ணு ஏழு. போதுமா?"

வலேரி உள்ளே போய், தன் தாத்தா அத்ரியானின் ஞாபகமாகப் பெட்டியில் வைத்திருந்த தகட்டை எடுத்துவந்து மேசையில் வைத்தாள். 4417.

எதுவார் தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஐயோ, இது தாத்தாவுக்குத் தெரியாமப் போச்சே!"

"தெரியுங்க. பொண்ணு பாக்க வந்தன்னிக்கி இது எங்க வீட்டுச் சுவத்துல தொங்குச்சு. ரொம்ப நேரம் உத்துப் பாத்தாரு. உங்க அண்ணனுக்குத்தான் என்னைக் கேட்டு வந்தாரு. 'அவன் சாதுப் பய, இந்த வீட்டுக்கு எதுவார்தான் சரி'ன்னு அங்கேயே மாப்பிள்ளைய மாத்திட்டாரு."

எதுவார் காபியைக் கலக்க ஆரம்பித்தார்.