துருத்திக்குள் இருந்த மூச்சு

கொல்லுப்பட்டறையில் ஆட்டுத்தோலால் செய்த துருத்தி ஒன்று இருந்தது. உலைத் தீயே தன் மூச்சில்தான் எரிகிறது என்று அதற்கு ஏகப் பெருமை.

ஒருநாள் சூலம் அடிக்கச் சொல்லி வந்த சாமியார், பேச்சுவாக்கில் கொல்லரிடம் சொன்னார்: "சும்மா உட்கார்ந்து மூச்சைக் கவனிங்க. நெஞ்சு தானாத் திறக்கும்."

துருத்திக்கு அது பிடித்துப்போயிற்று. உச்சிவேளையில் கொல்லர் வெளியே போனதும், "நான் தியானம் பண்ணப்போறேன்" என்றது.

"இழுக்க ஆளில்லாம உனக்கேது மூச்சு?" என்று சிரித்தது குறடு.

துருத்தி அதைக் காதில் வாங்கவில்லை. அசையாமல் கிடந்து கவனித்தது. கொஞ்ச நேரத்தில், யாரும் தொடாமலே அதன் வயிறு மெல்ல உப்பி, மெல்ல அடங்கியது. உலையில் சாம்பலுக்கடியில் கிடந்த கங்கு சிவந்தது. குறட்டின் சிரிப்பு நின்றுவிட்டது.

துருத்திக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது.

"கத்தி வச்சிருந்தவர் போயிட்டாரா?"

துருத்தி தன் வயிற்றைப் பார்த்துக் கேட்டது: "யார் நீ?"

"இந்தத் தோல் என்னோடது. அன்னிக்குப் பயத்துல மூச்சைப் பிடிச்சேன். இன்னும் முழுசா விடல."

இத்தனை வருஷமாகப் பீற்றிக்கொண்ட மூச்சு யாருடையது என்று துருத்திக்கு அப்போதுதான் உறைத்தது. "போயிட்டார், வெளியே வா" என்று சொல்ல வாயெடுத்தது.

வாசலில் செருப்புச் சத்தம். கசாப்புக்கடைக்காரர் தீட்டக் கொடுத்த கத்தியோடு கொல்லர் உள்ளே வந்தார்.

"இன்னும் போகல" என்று கிசுகிசுத்தது துருத்தி. "மூச்சு விடாதே."

கொல்லர் கைப்பிடியைப் பிடித்து இழுத்தார். தம் கட்டி மறுபடி இழுத்தார். உலைக்கு ஒரு பொட்டுக் காற்று வரவில்லை. தோல் மட்டும் வெடவெடவென்று நடுங்கியது.