1147 வைரஸ்

“உங்கடை கொம்பியூட்டரின்ரை பாஸ்வேர்ட்டைத் தாங்கோ, சேர்.”

அலுவலகம் முழுக்க அவளை நிமிர்ந்து பார்த்தது. பிரதீபா வேலைக்கு வந்த முதல் நாளே அற்புதராணி அக்கா சொல்லிவைத்த ஒரே புத்திமதி இதுதான்: தலைமைக் கிளாக்கர் பஞ்சலிங்கத்திடம் எதையும் கேள், பாஸ்வேர்ட்டை மட்டும் கேட்காதே.

“ஏன், என்ரை வீட்டுப் பூட்டின்ரை திறப்பும் வேணுமோ?” என்றார் பஞ்சலிங்கம்.

மூன்று வாரமாக அவருடைய திரையில் அதே சிவப்புப் பெட்டி. 1147 வைரஸ் பிடிபட்டிருக்கிறது, உடனே பாதுகாப்பு வாங்கு, அதுவரை எதையும் தொடாதே என்று ஆங்கிலத்தில் மிரட்டியது. கீழே மூலையில் நேரம் 9.17.

மொனிட்டரின் நெற்றியில் யாரோ விபூதி பூசியிருந்தார்கள். தொற்றிவிடும் என்று அற்புதராணி அக்கா தன் மேசையை இரண்டு முழம் தள்ளிப் போட்டிருந்தாள்.

“உது வைரஸ் இல்லை, சேர். வைரஸ் பிடிக்கிறன் எண்டு சொல்லிக்கொண்டு வந்து குந்தியிருக்கிற கள்ளன். பாஸ்வேர்ட் இருந்தால் அரை மணித்தியாலத்தில துரத்திவிடுவன்.”

“கம்பஸில படிச்சால் எல்லாம் தெரியுமோ பிள்ளை? நீர் தொட்டு எல்லாம் அழிஞ்சுதெண்டால் ஆர் பொறுப்பு? உம்மடை கொப்பரோ?”

பிரதீபாவின் அப்பா சுன்னாகம் சந்தையில் வெங்காய மூட்டை இறக்குபவர். அது அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். யாரோ சிரித்தார்கள். அவள் தன் மேசைக்குத் திரும்பினாள்.

சுவரோர மர வாங்கில் குருநகர்த் தேவமலர் உட்கார்ந்திருந்தாள். ஐந்தாவது தடவையாக வந்திருந்தாள். மகள் நிஷானியைப் பல்கலைக்கழகத்தில் பதிவதற்கு இந்த அலுவலகத்திலிருந்து ஒரு வதிவிடக் கடிதம் வேண்டும். அவள் கொடுத்த விண்ணப்பம் பஞ்சலிங்கத்தின் கணினிக்குள் கிடந்தது.

“ஐயா, இண்டைக்குத்தான் கடைசி நாள். நாலு மணிக்கு முன்னம் தபாலில போடாட்டி என்ரை பிள்ளையை எடுக்கமாட்டினமாம்.”

“நான் என்ன அம்மா செய்ய? நீங்களே பாருங்கோ.” பஞ்சலிங்கம் திரையை அவள் பக்கம் திருப்பினார். “நாளைக்கு வாங்கோ.”

“நாளைக்கு வந்து என்ன, ஐயா?”

“நாளைக்கு வந்தால் நாளைக்குப் பாப்பம்.”

தேவமலர் அந்தச் சிவப்பைப் பார்த்து, டொக்டர் கைவிரித்ததைக் கேட்டவள்போலத் தலையாட்டினாள். ஆனால் எழும்பிப் போகவில்லை. “எங்கடை வீட்டில முதல் முதல் கம்பஸுக்குப் போற பிள்ளை, தங்கச்சி,” என்று பிரதீபாவிடம் மெதுவாகச் சொன்னாள்.

பிரதீபாவின் வீட்டிலும் முதல் பிள்ளை அவள்தான். படித்து முடித்து நாலு வருடம் வேலைக்குக் காத்திருந்தாள். அதில் பாதி நாள் வேலை கேட்டு வீதியோரத்தில் பதாகையோடு வெயிலில் நின்றாள். கடைசியில் கிடைத்த வேலை, இந்த அறையில் ஒரு கதிரை.

பன்னிரண்டரைக்குப் பஞ்சலிங்கம் சோற்றுப் பார்சலோடு எழும்பினார். கணினியை அவர் பூட்டவில்லை, அணைக்கவுமில்லை. மற்றவர்களும் பின்னால் போனார்கள்.

பிரதீபா அவருடைய கதிரையில் போய் இருந்தாள். வைரஸ் துடைக்கும் மென்பொருள் அவளுடைய பென்ட்ரைவில் இருந்தது. அதைச் செருகுமுன், பழக்கதோஷத்தில் விசைப்பலகையின் மேல் மூலையிலுள்ள எஸ்கேப் விசையை ஒருதரம் அமத்தினாள்.

சிவப்புப் பெட்டி காணாமல் போனது.

வைரசும் இல்லை, கள்ளனும் இல்லை. அது வெறும் படம். என்றைக்கோ ஒருநாள் காலை 9.17க்கு வந்த எச்சரிக்கையை அப்படியே படம் பிடித்துத் திரை முழுக்க விரித்து வைத்திருந்தார் மனிதர். அதற்குப் பின்னால் பாதியில் நின்ற சீட்டு விளையாட்டு. அதற்கும் பின்னால் நாற்பத்தொரு விண்ணப்பங்கள், ஒன்றுகூடத் திறக்கப்படாமல்.

தேவமலரின் கடிதத்தை அடிக்க ஐந்து நிமிடம் போனது. அடுத்து அவள் அடித்தது நாலே வரி. அதற்குத்தான் கூட நேரம் எடுத்தது. இரண்டையும் அச்செடுத்து, படத்தைப் பென்ட்ரைவில் ஏற்றி, கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

பொறுப்பதிகாரி அருட்செல்வனின் கதவுக்கு வெளியே காலையிலிருந்து பதினைந்து பேர் நின்றார்கள். அவர்களைத் தாண்டி உள்ளே போய் நடந்ததைச் சொன்னாள். அவருடைய கணினியிலேயே படத்தைப் போட்டும் காட்டினாள்.

அவர் விசையை அமத்தினார். சிவப்பு மறைந்தது. அவருடைய புருவம் ஏறியது.

“பஞ்சலிங்கமோ உதைச் செய்தது?”

“ஓம், சேர்.”

“மூண்டு கிழமையாவோ?”

“ஓம்.”

“ஒரு சனத்துக்கும் விளங்கேல்லையோ?”

“இல்லை. வாற ஆக்கள் நம்பி நம்பித் திரும்பிப் போகினம்.”

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பஞ்சலிங்கத்துக்கு இன்றைக்கு இருக்கிறது என்று பிரதீபா நினைத்தாள். ஆனால் அதைப் பார்க்க நிற்கும் எண்ணம் அவளுக்கு இல்லை.

“இது தேவமலர் அக்காவின்ரை கடிதம். மற்றது நான் வேலையை விடுறதுக்கு. ரெண்டிலயும் கையெழுத்து வையுங்கோ, சேர்.”

வாசிக்காமலே இரண்டிலும் கையெழுத்து வைத்தார். தேவமலரின் தாளையும் பென்ட்ரைவையும் எடுத்துக்கொண்டு பிரதீபா கதவைத் திறந்தாள். தேவமலர் வாங்கிலிருந்து எழும்புவது தெரிந்தது. தபால் கந்தோர் பூட்ட இன்னும் மூன்று மணித்தியாலம் இருந்தது.

வெளியே நின்ற பதினைந்து பேரையும் ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டு, அருட்செல்வன் குரலைத் தாழ்த்தினார்.

“தங்கச்சி, போகமுன்னம் அந்தப் படத்தை எனக்கும் ஒருக்கால் ஏத்திவிடும்.”